அடி வாங்கிய கண்ணாடி

ஹைதராபாத்துக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் மலைக்க வைப்பது சார்மினார் அல்ல, பாறைகள். பஞ்சாரா ஹில்ஸ், ஜூப்ளி ஹில்ஸ், கோல்கொண்டாக் கோட்டைச் சுற்றுவட்டாரம் என்று எங்கே பார்த்தாலும் ஒன்றின்மேல் ஒன்றாக, எப்போது உருளுமோ என்று நினைக்க வைக்கும் கருங்கல் குண்டுகள். வயது சுமார் 250 கோடி ஆண்டு. கிட்டே போய்ப் பார்த்தால் சாம்பல் நிறத்துக்கு நடுவே இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் கட்டம் கட்டமான துண்டுகள் தெரியும். அதுதான் ஃபெல்ஸ்பார். பூமியின் மேலோட்டில் பாதிக்கும் மேல் இந்தக் கனிமக் குடும்பம்தான். அரைத்துப் பொடியாக்கி டைல்ஸ், வாஷ்பேசின், பீங்கான் கோப்பை எல்லாவற்றிலும் சேர்க்கிறார்கள். இவ்வளவு மலிவான சரக்கு வேறு கிடையாது.

இதே ஃபெல்ஸ்பாரின்மேல், கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்துக்கு, இரண்டு மூன்று லட்சம் வளிமண்டலங்களின் அழுத்தம் வந்து இறங்கினால் என்ன ஆகும்? உடைந்து தூளாகும் என்றுதான் யாரும் சொல்வோம். ஆனால் சரியான அளவில் அடி விழுந்தால் உருவம் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் கண்ணாடியாகிவிடுகிறது. அந்தக் கண்ணாடிக்கு மாஸ்கலினைட் என்று பெயர். பீகாரில் ஒரு வயல்வெளி, கல்கத்தா, வியன்னா, லண்டன், கலிஃபோர்னியா, அண்டார்டிகா, பழைய ஹைதராபாத் நிஜாமின் சீமையில் ஓர் உப்பேரி என்று சுற்றிவந்த அதன் கதை ஒரு நல்ல யாத்திரைக் கதை.

1865 ஆகஸ்ட் 25. கயா மாவட்டத்தில், கிராண்ட் டிரங்க் சாலையோரம் உள்ள ஷெர்காட்டி. காலை ஒன்பது மணி வாக்கில் வானத்தில் பெரும் வெடிச்சத்தம். ஒரு கல் வந்து மண்ணில் முழங்கால் ஆழத்துக்குப் புதைந்தது. எடை ஐந்து கிலோ அளவு. ஊரில் இருந்த டெபுடி மாஜிஸ்திரேட் கோஸ்ட்லி விவரத்தை எழுதி வைத்தார். கல்லைக் கல்கத்தாவில் உள்ள வங்காள ஆசியச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தவர் பெப்பே என்ற அபினி இலாகா அதிகாரி. கயா பக்கம் கசகசா வயல்களைக் கண்காணித்தவருக்கு எரிகல்லில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்தக் காலத்துக் கம்பெனி, சர்க்கார் உத்தியோகஸ்தர்களில் பாதிப் பேருக்குப் பூச்சி, பாறை, நாணயம் என்று ஏதாவது ஒரு பைத்தியம் இருந்தது. நம் கதைக்கு அது நல்லதாகப் போயிற்று.

கல்கத்தாவும் அப்போது எரிகல் பித்தில்தான் இருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்டம், கிரெக் என்ற ஆங்கிலேயர் சேர்த்து வைத்திருந்த கனிம, எரிகல் தொகுப்பை 1860களின் நடுவில் விலைக்கு வாங்கிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். எரிகல் சேகரிப்பவர்களிடையே பண்டமாற்று சகஜம்: உன்னிடம் இருப்பதில் ஒரு துண்டு கொடு, என்னிடம் இருப்பதில் ஒரு துண்டு தருகிறேன். லண்டன், வியன்னா, பாரிஸ், கல்கத்தா ஆகிய நான்கு ஊர்களுக்கும் இடையே வானத்துக் கற்கள் தபால்தலை போலக் கைமாறிக்கொண்டிருந்தன.

அப்படித்தான் ஷெர்காட்டிக் கல்லின் ஒரு துண்டு வியன்னாவில் குஸ்தாவ் செர்மாக் கைக்குப் போனது. கூடவே, அதே ஆண்டு மே மாதம் ஜெஸ்ஸோர் பக்கம் கோபால்பூரில் விழுந்த கல்லும் போனது. செர்மாக் இரண்டையும் சீவி மெலிதாக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று பார்ப்போம். பாறையை ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். கீழே ஒரு துருவமுனைப்பு வடிகட்டி, மேலே அதற்குக் குறுக்காக இன்னொன்று. நடுவில் படிகம் எதுவும் இல்லையென்றால் பார்வை முழுக்க இருட்டு. படிகம் இருந்தால் அது ஒளியைத் திருப்பிவிட்டு நிறம் காட்டும். நுண்ணோக்கியின் மேடையைச் சுற்றச் சுற்ற, பைராக்சீன் என்ற கனிமம் மஞ்சளும் நீலமுமாய் ஒளிர்ந்து அணையும். பிளாஜியோகிளேஸ் என்ற வகை ஃபெல்ஸ்பார் கறுப்பும் வெளுப்புமாகக் கோடு போட்ட துணி மாதிரி மின்னும். செர்மாக் பார்த்த துண்டில் ஃபெல்ஸ்பார் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒரே கறுப்பு. மேடையை முழு வட்டம் சுற்றினாலும் விடியவில்லை. ஆனால் அந்தக் கறுப்புத் துண்டுகளின் விளிம்பு ஃபெல்ஸ்பார் படிகத்துக்கே உரிய நீள்செவ்வக விளிம்பு. வேதியியல் பரிசோதனையிலும் ஃபெல்ஸ்பார் கணக்கே வந்தது. ஆளும் அதே, உடையும் அதே, உயிர் மட்டும் இல்லை என்பது போல.

இது எதுவோ புதுக் கனிமம் என்று செர்மாக் 1872இல் பெயர் சூட்டினார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் கனிமப் பிரிவின் காப்பாளராக இருந்த நெவில் ஸ்டோரி மாஸ்கலினைக் கௌரவிக்க, மாஸ்கலினைட். எரிகற்களைத் துருவமுனைப்பு நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதைத் தொடங்கி வைத்தவர்களில் அவர் ஒருவர். அதனால் பெயர் பொருத்தம்தான்.

மாஸ்கலின் 1857இல் அந்தப் பதவிக்கு வந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி, மதுரைக்குத் தெற்கே, ஆங்கிலேயர் பதிவேட்டில் ‘பார்னலீ’ என்று எழுதப்பட்ட ஊரில் இரண்டு கற்கள் விழுந்தன. அதில் பெரியது, அறுபது கிலோ அளவு, கப்பலேறி அவருடைய மியூசியத்துக்கே போய்ச் சேர்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில் விழுந்த கல்லில் அவர் கண்டுபிடித்த ஒரு கனிமத்துக்குக் கல்கத்தா ஓல்டமின் பெயரை வைத்தார். இப்படி ஒருவர் பெயரை ஒருவர் கல்லில் பொறித்துக்கொண்டார்கள்.

ஹைதராபாத்துக்காரர்களுக்கு மாஸ்கலினிடம் இன்னொரு கணக்கும் உண்டு. அவர் கோஹினூர் ஆராய்ச்சியாளர். கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கங்களில் எடுத்த வைரங்கள் கோல்கொண்டாவில் விலைபோன காலத்தில், பிரெஞ்சு வியாபாரி தவர்னியே வந்து பார்த்து, கொல்லூரில் அறுபதாயிரம் பேர் வேலை செய்தார்கள் என்று எழுதிவிட்டுப் போனார். ஔரங்கசீப்பின் தர்பாரில் அவருக்கு ஒரு பெருவைரத்தையும் காட்டினார்கள். அந்தப் பெருவைரம்தான் கோஹினூராயிற்று, பாபரின் வைரம் வேறு என்றார் தவர்னியேயின் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்த வேலண்டைன் பால்; அவரும் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். இல்லை, கோஹினூர் பாபர் கையில் இருந்த வைரமேதான் என்று மாஸ்கலின் 1891இல் ‘நேச்சர்’ இதழில் எதிர்வழக்கு எழுதினார். வழக்கு இன்றும் தீரவில்லை. எனக்குச் சுவையாகப் படுவது வேறு. வைரத்துக்குத் தேவை பெரும் அழுத்தம். கோஹினூர் வகையைச் சேர்ந்த, பெரிய, நிறமற்ற வைரங்களில் பல 360 கிலோமீட்டருக்கும் கீழே உருவானவை என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆழத்து அழுத்தத்தைப் பெற ஒரு பொருள் கோடிக்கணக்கான ஆண்டுகள் பாதாளத்தில் கிடக்கலாம். அல்லது மேலேயே இருந்துகொண்டு ஓங்கி ஓர் அடி வாங்கலாம். கோஹினூர் முதல் வழியில் வந்தது. மாஸ்கலினைட் இரண்டாவது வழியில் வந்தது. இரண்டாவது வழி என்று ஒன்று இருப்பதே மாஸ்கலினுக்குத் தெரியாது. தன் பெயரைத் தாங்கிய கண்ணாடி எப்படி உண்டானது என்று தெரியாமலே அவர் 1911இல் காலமானார்.

அவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரியவில்லை. தனிக் கனிமம் என்ற எண்ணம் மெல்லக் கைவிடப்பட்டு, உருகி உறைந்த ஃபெல்ஸ்பாராக இருக்கலாம் என்ற கருத்து வந்தது. ஆனால் உருகியிருந்தால் வழிந்திருக்க வேண்டுமே, குமிழி இருக்க வேண்டுமே, பக்கத்துக் கனிமமும் கொஞ்சமாவது இளகியிருக்க வேண்டுமே? அதெல்லாம் இல்லை. தொண்ணூறு ஆண்டுகள் மாஸ்கலினைட் அருங்காட்சியக இழுப்பறையில் ஒரு விடுகதையாகக் கிடந்தது.

விடையை அவிழ்த்தது வெடிமருந்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, குண்டு தகட்டைத் துளைக்கும்போது உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய அமெரிக்காவில் பல கூடங்கள் முளைத்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பால் டி கார்லி என்பவர் கிராஃபைட்டை வெடிமருந்தால் அடித்துப் பார்த்தார். பொடி வைரம் கிடைத்தது. 1961இல் அது அச்சேறியது. கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? டூபாண்ட் கம்பெனி அதே வழியில் வெடித்து வைரப்பொடி தயாரித்து மெருகு போடும் தொழிலுக்கு விற்கத் தொடங்கியது. கோல்கொண்டாவின் பழைய வியாபாரிகள் கேள்விப்பட்டிருந்தால் நெஞ்சில் கைவைத்திருப்பார்கள்.

வைரத்தைப் பார்த்த கையோடு டி கார்லி ஃபெல்ஸ்பாருக்கும் வந்தார். அமெரிக்கப் புவியியல் துறையின் டேனியல் மில்டனோடு சேர்ந்து, கேப்ரோ என்ற சாதாரணப் பூமிப் பாறையை எடுத்து 250 முதல் 300 கிலோபார் அதிர்ச்சி கொடுத்தார்கள். அதாவது இரண்டரை முதல் மூன்று லட்சம் வளிமண்டலம். பாறையைச் சீவிப் பார்த்தால் அதில் இருந்த பிளாஜியோகிளேஸ் முழுக்க மாஸ்கலினைட்! பக்கத்தில் இருந்த பைராக்சீன் மட்டும் படிகமாகவே இருந்தது. அச்சாக ஷெர்காட்டி. அடியை 600, 800 கிலோபாருக்கு ஏற்றினால் ஃபெல்ஸ்பார் நிஜமாகவே உருகிவிட்டது. 1963இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரை, ஷெர்காட்டிக் கல் எங்கேயோ ஒரு பலத்த மோதலைச் சந்தித்திருக்கிறது என்று சொல்லாமல் சொன்னது.

உள்ளே நடப்பது இதுதான். ஃபெல்ஸ்பாரில் சிலிக்கான், அலுமினிய அணுக்கள் ஆக்சிஜனோடு கைகோத்து, நிறைய இடைவெளி விட்டு ஒரு பின்னலாக நிற்கின்றன. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் கைநீட்டி இடம் விட்டு வரிசையாக நிற்கிறார்கள். நான்கு பக்கச் சுவரும் திடீரென்று உள்ளே நகர்ந்து நெருக்கிவிட்டு மறுகணமே பழைய இடத்துக்குப் போய்விடுகின்றன என்று வையுங்கள். பிள்ளைகள் எல்லாரும் மைதானத்துக்குள்ளேதான் இருப்பார்கள், ஒருவர்கூட வெளியே ஓடியிருக்க மாட்டார். ஆனால் வரிசை போய்விட்டது, திரும்ப அமைக்க நேரமும் இல்லை. பைராக்சீனில் இவ்வளவு இடைவெளி கிடையாது, அதனால் அது தாக்குப்பிடிக்கிறது. அதிலும் விரிசல், நுண்ணிய பட்டைகள் என்று காயம் உண்டு. வரிசை மட்டும் கலைவதில்லை.

இந்த ‘வரிசை கலைதல்’ கெட்டி நிலையிலேயே நடக்கிறதா, அல்லது அழுத்தத்தின் கீழ் ஒரு கணம் அடர்த்தியாக உருகி உடனே உறைகிறதா என்பதில் நிபுணர்களிடையே சச்சரவு உண்டு. 2000இல் சென், எல் கொரேசி இருவரும் உருகல் கட்சிக்காக ஓங்கி வாதாடினார்கள். எத்தனை அழுத்தம் வேண்டும் என்பதிலும் பேரம் நடக்கிறது. பழைய சோதனைகள் 30 ஜிகாபாஸ்கல் (அதாவது 300 கிலோபார்) பக்கம் சொல்ல, கால்டெக் குழு ஒன்று 2023இல் 20ஐ ஒட்டியே போதும் என்றது. வெறும் எண் சண்டை இல்லை இது. அந்த எண்ணை வைத்துத்தான், கல் எவ்வளவு பெரிய மோதலில் தெறித்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள்.

மோதலின் தழும்பு ஃபெல்ஸ்பாரோடு முடிவதில்லை. கல்லில் எங்கே பழைய விரிசலும் துளையும் இருக்கிறதோ, அங்கே வெப்பம் குவிந்து மயிரிழை நாளங்களாகப் பாறை உருகுகிறது. அந்த நாளங்கள் உறையும் வரை அழுத்தமும் நீடித்தால், பூமிக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்தில் மட்டுமே வாழக்கூடிய கனிமங்கள் அங்கே பிறந்துவிடும். 1879இல் ஆஸ்திரேலியாவின் டென்ஹாமில் விழுந்த கல்லில் 1969இல் ரிங்வுடைட் கண்டார்கள். அதே கல்லில் 2014இல் பிரிட்ஜ்மனைட். பூமியில் மற்ற எல்லாக் கனிமத்தையும்விட அதிகமாக இருப்பது அதுதான், ஆனால் 660 கிலோமீட்டருக்குக் கீழே, யாரும் தொட முடியாத இடத்தில். நாக்பூருக்கு அருகே காட்டோலில் 2012 மே 22ஆம் தேதி பகலில் விழுந்த கல்லிலும் அது இருப்பதைக் கரக்பூர் ஐ.ஐ.டி. குழு 2021இல் காட்டியது. பாதாளத்தைப் பார்க்க ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் காயங்களையெல்லாம் படி வைத்து அளக்க ஸ்டோஃப்லர், கைல், ஸ்காட் மூவரும் 1991இல் ஆறு படிகள் கொண்ட அளவுகோல் ஒன்று போட்டார்கள். மாஸ்கலினைட் வந்தால் ஐந்தாம் படி. ரிங்வுடைட் வந்தால் ஆறு.

சரி, ஷெர்காட்டியை அடித்தது யார்? இங்கேதான் கதை அண்டார்டிகாவுக்குத் தாவுகிறது. கல்லின் வயதைக் கணக்கிட்டவர்களுக்கு ஒரு தலைவலி: பெரும்பாலோர் ஏற்கும் கணக்கில் அது பதினேழு கோடி ஆண்டுக்கு முன் எரிமலைக் குழம்பாக உறைந்தது. மற்ற எரிகற்களோ பெரும்பாலும் 450 கோடி ஆண்டுக் கிழங்கள். பதினேழு கோடி ஆண்டுக்கு முன் எரிமலை கக்கிக்கொண்டிருந்தது என்றால் அது சின்னஞ்சிறு விண்பாறையாக இருக்க முடியாது, ஒரு கிரகமாகத்தான் இருக்க வேண்டும். செவ்வாய் என்று சிலர் 1979 வாக்கிலேயே மெதுவாகச் சொன்னார்கள். செவ்வாயின் ஈர்ப்பை மீற நொடிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் வீசப்பட்ட கல் பொடியாகிவிடாதா என்று மற்றவர்கள் மடக்கினார்கள்.

1979இன் கோடையில் — அண்டார்டிகாவின் கோடை — எலிஃபண்ட் மொரைன் என்ற பனிப்பகுதியில் எட்டு கிலோ அளவில் ஒரு கல் கிடைத்தது. ஷெர்காட்டியின் உறவுக்காரன், அதே மாஸ்கலினைட், கூடவே கறுப்புக் கண்ணாடித் திட்டுகள். இந்தக் கறுப்புத் திட்டுகள் மாஸ்கலினைட்டின் பங்காளிகள். அடியில் முழுக்க உருகி உறைந்தவை. ஹூஸ்டனில் டொனால்ட் போகார்டும் பிராட் ஜான்சனும் அந்தக் கல்லின் வயதை அறிய ஆர்கான் வாயுவை அளந்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. கண்ணாடிக்குள் வேண்டாத ஆர்கான் ஏராளமாக இருந்தது. எரிச்சலூட்டும் இந்தக் கலப்படத்தைக் கழித்துத் தள்ளாமல், வாயுக்களின் விகிதத்தை உட்கார்ந்து பார்த்தார்கள். 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலம் அளந்த காற்றின் விகிதத்தோடு அது பொருந்தியது. மோதலின் கணத்தில் செவ்வாயின் காற்று உருகிய பாறைக்குள் அமுக்கப்பட்டு, அப்படியே உறைந்து, பூமிக்கு வந்திருக்கிறது. 1983இல் அந்த முடிவு வெளியானபின் வாய்மூடாதவர்கள் மிகக் குறைவு. படிகமாகவே சேதாரமின்றி வந்திருந்தால் இந்தக் கல்லின் சொந்த ஊர் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஊர் தெரிந்ததும் சந்தை கூடியது. 1962 அக்டோபர் 3ஆம் தேதி நைஜீரியாவின் ஸகாமியில், சோளக்கொல்லையில் காக்கை விரட்டிக்கொண்டிருந்த ஒரு விவசாயிக்குச் சில அடி தள்ளி பதினெட்டு கிலோக் கல் விழுந்தது. அதுவும் ஷெர்காட்டி இனம் என்று தெரிந்தபின், அமெரிக்க எரிகல் வியாபாரி ராபர்ட் ஹாக் 1988இல் பண்டமாற்றில் அதில் ஒரு பெரும் பங்கைப் பெற்றுத் துண்டு துண்டாக்கி உலகம் முழுக்க விற்றார். பிறகு மொராக்கோவின் நாடோடிகள் ஒட்டகம் மேய்க்கும்போதே கல்லைப் புரட்டிப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். 2011இல் டிஸ்ஸிண்டில் விழுந்த செவ்வாய்க் கல் தங்கத்தைவிடப் பல மடங்கு விலைக்குப் போனது. இந்தியாவில் இந்த வியாபாரம் நடக்காது. இங்கே விழும் எரிகற்களுக்குப் புவியியல் ஆய்வுத் துறைதான் பொறுப்பாளர். ஷெர்காட்டியின் பெரும்பகுதி இன்றும் கொல்கத்தாவில் அவர்கள் வசமே இருக்கிறது. அதன் சின்னத் துண்டு ஒன்றுக்குள், மிக அடர்ந்த புதிய சிலிக்கா வகை ஒன்றைக் கண்டுபிடித்து, 2008இல் ஸைஃபர்டைட் என்று பெயரிட்டார்கள். 1865இல் விழுந்த கல் இன்னமும் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது நிஜாமின் சீமைக்கு வருவோம். ஹைதராபாத்திலிருந்து வடமேற்கே, சாலை வழியே நானூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் லோணார். தக்காணத்தின் கரும்பாறையில், பசால்ட்டில், கிண்ணம் போல ஒரு பள்ளம். விட்டம் சுமார் 1.8 கிலோமீட்டர், அடியில் உவர்நீர் ஏரி. அக்பர் காலத்து அயினி அக்பரியே இந்த ஊரைச் சொல்கிறது: கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சரக்கு இங்கே விளைகிறது என்று. ஏரி வற்றும்போது படியும் உவர்மண்ணை டல்லா, குப்பல், பாப்ரி என்று தரம் பிரித்து விற்றார்கள். 1803இல் பேரார் நிஜாமுக்குக் கிடைத்தபோது லோணாரும் வந்தது. 1823இல் அலெக்சாண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த ஏரியைப் பார்த்து எழுதியபோது அது ஹைதராபாத் ராஜ்யம்தான். 1853இல், படைச் செலவுக் கடனுக்காகப் பேராரை நிஜாம் பிரிட்டிஷார் கையில் ஒப்படைக்க வேண்டி வந்தது. பட்டத்து இளவரசருக்குப் ‘பேரார் இளவரசர்’ என்ற பட்டம் மட்டும் பிற்காலத்தில் மிஞ்சியது. நூற்றாண்டுகளாகக் கண்ணாடிக்காரர்கள் இந்தக் குழியிலிருந்து உவர்மண் அள்ளிப் போனார்கள். குழியின் பாறையிலேயே கண்ணாடி இருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

குழி எப்படி வந்தது? சுற்றிலும் எரிமலைப் பாறை என்பதால் எரிமலைதான் என்று பலரும் முடிவு கட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், 1896இலேயே அமெரிக்கப் புவியியல் அறிஞர் கில்பர்ட், அரிசோனாவில் உள்ள பெரும் பள்ளமும் லோணாரும் ஒரே ஜாதி என்று சரியாகக் கண்டார். ஆனால் இரண்டுமே நிலத்தடி நீராவி வெடிப்பில் பிறந்தவை என்று தவறாக முடித்தார். பாதி வெற்றி. 1964இல் மறுபடி கிளப்பியவர்கள் கடலாராய்ச்சிக்காரர்கள்: ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வங்கக் கடலை ஆராய்ந்துவிட்டுப் போன லாஃபோண்டும், கடல்தரை விரிவைப் பற்றிப் பேசிப் பேர்வாங்கிய டீட்ஸும். லோணார் எரிகல் பள்ளமா என்று கேள்விக்குறியோடுதான் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள்.

கேள்விக்குறியை நீக்கியது மாஸ்கலினைட். புவியியல் ஆய்வுத் துறை ஏரிப்படுகையில் துளையிட்டு எடுத்த பாறையில் அந்த அடிபட்ட கண்ணாடி இருந்தது. 1973இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் நான்கு பெயர்கள்: ஃப்ரெட்ரிக்சன், அனந்த துபே, மில்டன், எம்.எஸ். பாலசுந்தரம். அந்த மில்டன் வேறு யாரும் அல்ல, பத்து வருஷத்துக்கு முன் வெடிமருந்தால் மாஸ்கலினைட் செய்து காட்டிய அதே டேனியல் மில்டன். சொந்தக் கையால் செய்த சரக்கை இயற்கையின் கடையில் அடையாளம் காணும் யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? 1976இல் சூசன் கீஃபர் குழு லோணார்ப் பாறைகளை ஐந்து வகுப்பாகப் பிரித்தது. இரண்டாம் வகுப்பில் மாஸ்கலினைட். மூன்றாவதில் அது வழியத் தொடங்கிக் குமிழி விடும். ஐந்தாவதில் பாறை முழுக்க உருகிய குழம்பு. மோதலின் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதைப் பொறுத்து ஒரே பாறைக்கு ஐந்து தலைவிதி.

ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ராஜசேகரும் மிஸ்ராவும் லோணாரின் ஈர்ப்பு, காந்தப்புல மாறுபாடுகளை அளந்து 2005இல் வெளியிட்டார்கள். நொறுங்கிய பாறைக்கு அடர்த்தி குறைவு, அதனால் கிண்ணத்தின் மேல் ஈர்ப்பு துளி குறையும். அதை வைத்துத் தண்ணீருக்கும் சேற்றுக்கும் கீழே நொறுங்கல் எப்படிப் பரவியிருக்கிறது என்று படம் போடலாம். லோணார்மீது உலகத்துக்கு இவ்வளவு கண் ஏன்? பூமியில் நன்றாகக் காக்கப்பட்ட மோதல் பள்ளங்களில் பசால்ட்டில் அமைந்தது மிக அரிது. செவ்வாயின் தரையோ பெரும்பாலும் பசால்ட். ஷெர்காட்டி எந்தக் குழியிலிருந்து தெறித்ததோ, அதற்குப் பூமியில் கிடைக்கும் மாதிரி நம் தக்காணத்தில் இருக்கிறது. லோணாரின் வயதில் மட்டும் இன்னும் தகராறு: ஒரு முறையில் 52 ஆயிரம் ஆண்டு, 2011இன் ஆர்கான் கணக்கில் 5 லட்சத்து 70 ஆயிரம்.

ஹைதராபாத்துக்கு இதில் தற்செயலாகக் கிடைத்த பங்கு ஒன்றும் உண்டு. பேகம்பேட்டையில் தலைமையகம் கொண்ட அணுக் கனிம இயக்குநரகம், மத்தியப் பிரதேசத்தின் மோஹர் பகுதியில் யுரேனியம் தேடி ஆழ்துளை போட்டது. அது ஒரு பழைய எரிமலைக் குழி என்பது அவர்களுடைய கணிப்பு. பின்னர் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் ஜயந்த பதி முதலானோர் அங்குள்ள பாறையின் குவார்ட்ஸில் அதிர்ச்சிக் கோடுகளைக் கண்டு, டாலா என்று இப்போது அழைக்கப்படும் அந்த இடம் மிகப் பழைய மோதல் பள்ளம் என்று நிறுவினார்கள். யுரேனியத்துக்காகத் தோண்டிய துளைகள் மோதலில் உருகிய பாறையைக் காண உதவின.

கடைசிப் பயணம் திரும்பிப் போகும் பயணம். 1999இல் ஓமன் பாலைவனத்தில் கிடைத்த ஸய் அல் உஹைமிர் 008 என்ற செவ்வாய்க் கல், ஷெர்காட்டி வகை. ஃபெல்ஸ்பார் எல்லாம் மாஸ்கலினைட். அதில் ஒரு சில்லை நாசா, பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஷெர்லாக் கருவியைச் சரிபார்க்கும் அளவுகல்லாகப் பொருத்தியது. சில்லைக் கொடுத்தது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அதாவது மாஸ்கலின் காப்பாளராக இருந்த கனிமப் பிரிவின் வாரிசு. 2021 பிப்ரவரி 18ஆம் தேதி ஜெஸரோ பள்ளத்தில் ஊர்தி இறங்கியது. அன்றிலிருந்து தன் லேசர் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் ஷெர்லாக் அந்தச் சில்லைப் பார்த்துக்கொள்கிறது.